கில்ட்டும் அதனோடு அணியத்தகும் வெளிநில ஆடைகளும்

ஸ்காட்லாந்து தேசத்தாரின் உடையென்று சொல்லுமளவில், வெள்ளிப் பொத்தான் வைத்த கருஞ்சட்டையும், இடையிற் பல வண்ணக் கட்டமிட்ட கில்ட்டுமாக ஒருவர் விருந்து மண்டபத்தில் நிற்கும் படமே நம்மிற் பலர் மனத்தில் எழும். அஃது அவ்வுடையின் கலியாணக் கோலம். இன்று அந்நாட்டிலுங்கூட இளைஞர் பலர் மணநாளொன்றிற்காக அதனை வாடகைக்கு வாங்கி, ஒருபொழுது உடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றனர். மழையிலும் சேற்றிலும் மாடு மேய்த்தோரும் வேட்டையாடினோரும் உடுத்த உடை அதுவென்பது மறக்கப்பட்டு வருகின்றது. ஒருவன் கில்ட்டுக்கு மேல் மெழுகு தோய்த்த சட்டையொன்றை அணிந்து மலைவழி புறப்படின், வேடதாரியென்று அவனை நகைப்பாரும் உளர். மரபைக் கெடுத்தானென்று சினப்பாரும் உளர். இவ்விருவர் கூற்றும் பொருந்தாதென்பதே நம் கருத்து. அதற்குரிய காரணம் அவ்வுடையின் வரலாற்றிலேயே இருக்கின்றது.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலைநாட்டார் உடுத்தது இன்றைய கில்ட் அன்று. சுமார் ஐந்து கெஜ நீளமுள்ள அகன்ற கம்பளித் துணியைத் தரையில் விரித்து, கொசுவங் கொசுவமாக மடித்து, அதன்மேற் படுத்து இடைவாரினால் இறுக்கிக்கொண்டு எழுவர். வாருக்குக் கீழுள்ள பகுதி முழங்கால்வரை தொங்கும். மேலுள்ள பகுதியை வெயிலில் தோளிற் சார்த்திக்கொள்வர். மழையில் தலைவரை போர்த்துக்கொள்வர். இரவில் வாரை அவிழ்த்துவிட்டால் அதுவே படுக்கையும் போர்வையுமாம். ஆகவே கில்ட்டும் மழைச்சட்டையும் அக்காலத்தில் ஒரே துணியாகவே இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்பாதியை நீக்கிக் கீழ்ப்பாதியை மட்டும் உடுத்தும் சிறு கில்ட் வழக்கிற்கு வந்தது. தாமஸ் ராலின்ஸன் என்னும் ஆங்கிலேய இரும்புத் தொழில் முதலாளி அதற்குக் காரணர் என்பர் சிலர். அதனை மறுப்பர் வேறு சிலர். யார் வெட்டியிருப்பினும், வெட்டியபின் மேலுடம்பிற்கு யாதணிவது என்னும் வினா எழுந்தது. நாம் இங்கே ஆராய்வதும் அவ்வினாவையே.

இவ்வுடைக்கு நேர்ந்த பெரிய இடர் 1746ஆம் ஆண்டுச் சட்டம். ஜேக்கோபியக் கலகத்தை அடக்கிய அரசாங்கம், மலைநாட்டு உடையை ஆடவரும் சிறுவரும் அணியலாகாதென்று விதித்தது. முதற் குற்றத்திற்கு ஆறு மாதச் சிறை; மறுமுறை அகப்பட்டால் ஏழாண்டு கடல் கடத்தல். பட்டாளத்தார்க்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. 1782இல் அச்சட்டம் நீக்கப்பட்டபோது, அன்றாட உடையாக அதனை அணிந்த ஒரு தலைமுறை கழிந்துபோயிற்று. பின்னர் 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளியபோது, ஸர் வால்ட்டர் ஸ்காட் நடத்திய கோலாகலத்தினால் அது பெருமக்களின் அலங்கார உடையாக மீண்டும் தலையெடுத்தது. உழைப்பாளியின் உடை அரண்மனை வழியாகத் திரும்பி வந்தது விந்தையே.

இனி, வெளிநிலத்தில் எதனோடு இதனைச் சேர்ப்பது? முதற்கண் அறியத்தக்கது, கில்ட் இடுப்பெலும்பில் நில்லாது, அதற்கு மேலே ஒடுங்கிய இடையில் உயர்ந்து நிற்கும் என்பது. கால்சட்டைக்கென்று தைத்த நீண்ட மேற்சட்டையை அதன்மேல் அணிந்தால் பின்புறக் கொசுவங்கள் நசுங்கும். முன்னே தொங்கும் ஸ்போரன் என்னும் தோற்பையும் மறையும். ஆதலின் கில்ட்டுக்குரிய சட்டைகள் குட்டையாகவும் முன்புறம் வளைத்து வெட்டியனவாகவும் இருக்கும். இடைவாரளவில் முடியும் தடித்த கம்பளிப் பின்னற்சட்டையும் நன்கு பொருந்தும். நடைக்கு அதனினும் எளியது வேறில்லை. மெழுகுச்சட்டையாயின் குட்டையான வகையே ஏற்றது. ஆயினும் பெருமழையில் குட்டைச் சட்டையின் நீரெல்லாம் கொசுவத்தின்மேலே வடியும். அப்பொழுது முழங்கால்வரை மறைக்கும் இன்வர்னெஸ் மேலங்கியே துணை. கையில்லாத அவ்வங்கி கைகளைத் தடையின்றி விடுவதால், பைப் வாத்தியம் வாசிப்போர் அதனை விரும்பி அணிகின்றனர்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். கட்டங்கள் நெருங்கிய டார்ட்டனுக்கு மேல் கட்டமிட்ட சட்டை கண்ணுக்கு இடர் செய்யும். ஹாரிஸ் தீவின் ட்வீடு போன்ற அடங்கிய நிறத் துணியே தக்கது. 1846இல் டன்மோர் சீமாட்டியார் தம் குடும்ப டார்ட்டனை அத்தீவு நெசவாளரைக் கொண்டு ட்வீடாக நெய்வித்துப் பெருமக்களிடையே அதற்கு மதிப்புண்டாக்கினார். தீவார் தம் வீடுகளிலேயே கையால் நெய்ததே ஹாரிஸ் ட்வீடு என்பதனை 1993ஆம் ஆண்டுச் சட்டம் காக்கின்றது. பாறையிற் படரும் பாசியினத்தைக் காய்ச்சி அவர்கள் எடுத்த செம்பழுப்புச் சாயம் மலைச்சரிவின் நிறமாகவே இருந்தது. கில்ட்டையே ட்வீடிலும் தைப்பதுண்டு. லண்டன் ஸ்காட்டிஷ் பட்டாளம் கட்டமில்லாத சாம்பற்பழுப்புக் கில்ட்டை ஏற்றது. எக்குலத்தின் டார்ட்டன் என்னும் பூசலும் ஒழிந்தது, நிலத்தோடு நிறமும் ஒன்றிற்று.

குறைகளை மறைத்தல் நேர்மையன்று. கம்பளி தன் எடையில் நூற்றுக்கு 30 பங்களவு ஈரத்தை உட்கொண்டும் உடம்பிற்குக் குளிரேற்றாது. சிற்றாற்றைக் கடந்தால், நனைந்த கால்சட்டையினும் வெறுங்கால் விரைந்து உலரும். இவை நன்மைகள். ஆயின் முழுதும் நனைந்த எட்டு கெஜத் துணி பெருஞ்சுமை. 1914 முதல் 1918 வரை நடந்த போரில், அகழிச் சேறு படிந்து உறைந்த கில்ட்டின் விளிம்பு வீரரின் முழங்காற்பின் தோலை அறுத்தது. கொசுவங்களிற் பேன் குடிகொண்டது. 1940இல் பிரான்சில் களங்கண்ட காமரன் பட்டாளமே கில்ட்டுடன் போரிட்ட இறுதிப் பட்டாளமென்பர். கோடையின் காற்றற்ற மாலைகளில் மிட்ஜ் என்னும் சிறு கொசுவினம் வெறும் முழங்காலைத் தேடி வரும். புதர்களிலுள்ள உண்ணிகளோ லைம் நோயைப் பரப்புவன. ஆதலின் மாலைதோறும் கால்களைச் சோதித்தல் இன்றியமையாதது.

காலுக்கு, முழங்காலின் கீழ் மடித்துவிடும் தடித்த காலுறையும் உறுதியான மலைநடைப் பூட்ஸும் வேண்டும். கணைக்காலிற் கயிறு சுற்றும் கில்லி செருப்பு விருந்திற்கே ஆகும். ஸ்போரன் மயிரில்லாத வெறுந்தோலாயிருத்தல் நலம். ஏறும்போது அதனைப் பக்கத்திற்குத் தள்ளிக்கொள்ளலாம். முன்மடிப்பின் ஊசியை மேல்துணியில் மட்டுமே குத்துக. இரண்டையுஞ் சேர்த்துக் குத்தினால் ஓரெட்டில் துணி கிழியும். வீடு திரும்பியபின் கில்ட்டை நெருப்பருகே காயவைத்தலாகாது. கொசுவங்களை நேராக்கித் தொங்கவிட்டு, தானே உலர்ந்தபின் சேற்றைத் தூரிகையால் தட்டிவிட்டால், மறுநாளும் அதனையே உடுத்துப் புறப்படலாம்.