செம்மையிற் தோன்றும் பச்சை ஒளி



ஆசிரியரின் கையிலுள்ள சிவப்பு மைக்கு ஒரு தனி அதிகாரம் உண்டு. மாணவரின் கொப்பியிலே சரியையும் பிழையையும் வகுத்துக் காட்டுவது அதுவே. பல்லாண்டுகளாக அந்த மையோடு பழகியவன் நான். ஆயினும், நேரே பார்த்தாற் சிவப்பாகவும், தாளைச் சற்றே சாய்த்துப் பார்த்தாற் பொன் கலந்த பச்சையாகவும் ஒளிரும் ஒரு மையை அண்மையிலேதான் கண்டேன். கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த ஊற்றுப்பேனா மை அது. அதனைப் பரீட்சித்து அறிந்தவற்றையும், அதனால் என் கையால் நேர்ந்த ஒரு தவற்றையும் இன்று சொல்ல விரும்புகின்றேன்.

முதலிற் சாதாரண அப்பியாசக் கொப்பியில் எழுதினேன். மை உடனே தாளில் ஊறியது. நல்ல சிவப்பு, அவ்வளவே. பச்சை ஒளி எங்கே என்று தேடினேன், காணவில்லை. பின்பு, மையோடு வந்த ஜப்பானியத் தாளை எடுத்தேன். 'தோமோயே ரிவர்' என்பது அதன் பெயர். ஒரு சதுர மீற்றர் 52 கிராம் மட்டுமே நிறையுள்ள அத்தாள் வெங்காயச் சருகுபோல மெல்லியது. ஆயினும், மையை எளிதில் உள்ளே விடாதது. அதன்மேல் எழுத்துக்கள் சில கணம் ஈரமாகத் திரண்டு நின்றன. உலர்ந்த பின் பார்த்தேன். கோடு முடியும் இடங்களிலும் வளைவுகளிலும், மை தேங்கிய இடமெல்லாம், பொன்வண்டின் முதுகுபோலப் பச்சை மின்னியது. அதே தாளில் மெல்லிய முனையுள்ள பேனாவால் எழுதியபோது மினுக்கம் குறைந்தது. அகன்ற முனையால் எழுதியபோது மிகுந்தது.

ஒரே மை இரு நிறம் காட்டுவது எங்ஙனம்?

சிவப்புச் சாயம் பச்சை ஒளியை மிக வலுவாக உட்கொள்ளும் இயல்புடையது. மை மெல்லிய படலமாக இருக்கும்போது, வெள்ளொளி அதனூடே சென்று தாளிற்பட்டுத் திரும்புகிறது. வழியிலே பச்சை உறிஞ்சப்படுகிறது. எஞ்சிய சிவப்பு நம் கண்ணை அடைகிறது. ஆனால், சாயம் செறிந்து திண்மையான படலமாக உலர்ந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. எந்த ஒளியை அது மிக வலுவாக உட்கொள்ளுமோ, அந்த ஒளியையே அதன் மேற்பரப்பு, உலோகத்தைப்போல, மிகுதியாகத் திருப்பி எறிகிறது. ஆகவேதான் சிவப்பின்மேற் பச்சை தோன்றுகிறது. நீல மைகள் சில செம்பு நிற மினுக்கம் காட்டுவதும் இதனாலேயே.

இது புதிய விந்தையன்று. 1859ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு வேர்கன் என்பவர் உருவாக்கிய 'புக்சின்' என்னும் சாயம் இதற்குத் தக்க சான்று. காசநோய்க் கிருமியை நுணுக்குக்காட்டியிற் காண்பதற்கு இன்றும் ஆய்வுகூடங்களிற் பயன்படும் சாயம் அது. அதன் பளிங்குகள் பச்சையாய் உலோகம்போல மின்னும். நீரிற் கரைத்தாற் கருஞ்சிவப்பாகும். மயிற்கழுத்தின் மினுக்கம் இதனின் வேறு. அது இறகின் நுண்ணிய அமைப்பினால் விளைவது. பொன்துகள் போன்ற பொடி கலந்து விற்கப்படும் மைகளும் வேறே. அப்பொடி புட்டியின் அடியிற் படியும், குலுக்கியே எழுதவேண்டும். நான் சொல்லும் மையிற் பொடி எதுவுமில்லை, சாயமே ஒளிர்கிறது.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். ஒன்பதாந் தர மாணவி ஒருத்தி, கட்டுரைப் போட்டிக்காக நல்ல வழவழப்பான தாளில் எழுதிய கட்டுரையொன்றைப் பார்வையிடத் தந்தாள். அருமையான கட்டுரை. ஓரத்திலே இந்தப் புதிய மையால் நான்கு வரி பாராட்டு எழுதினேன். மை உலர்ந்துவிட்டதென்று நம்பித் தாள்களை அடுக்கி வைத்தேன். மாரிகாலத்து ஈரக் காற்று. மறுநாள் அவள் தாளை விரித்தபோது, என் பாராட்டு உருவழிந்து, அவளுடைய எழுத்தின்மேலெல்லாம் சிவப்பாக இழுபட்டுக் கிடந்தது. அவள் முகம் வாடி, "சேர், இவ்வளவு பிழையோ?" என்று கேட்டாள். பாராட்டாக எழுதியது குற்றப்பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது!

அன்று மாலை ஒரு பரீட்சை செய்தேன். ஒரே வரியை இருமுறை எழுதி, ஒன்றை ஈரமாக இருக்கும்போதே ஒற்றுத்தாளால் ஒற்றினேன். மற்றதை அப்படியே விட்டேன். மறுநாள் ஈர விரலால் இரண்டையும் தடவினேன். ஒற்றிய வரி பெரும்பாலும் நிலைத்தது; அதில் மினுக்கமில்லை. ஒற்றாத வரி அழகாக மின்னியது. விரல் பட்டதும் கலைந்தது. உண்மை புலனாயிற்று. தாளுக்குள் இறங்காமல் மேலே தங்கிய மிகைச் சாயமே அந்த மினுக்கம். நீரிற் கரையும் சாயமாதலின், கைவியர்வையும் காற்றின் ஈரமும் அதனைக் கலைத்துவிடுகின்றன.

கடுக்காயின் துவரும் அன்னபேதியும் கூட்டிச் செய்த பழைய மை இதற்கு நேர்மாறானது. எழுதும்போது வெளிறியிருந்து, தாளின் நாரில் இறங்கி, காற்றுப்பட்டுக் கறுத்து நிலைபெறும் தன்மை அதற்குண்டு. நெடுங்காலம் நிற்கவேண்டிய பதிவேடுகளை அத்தகைய மையால் எழுதிய நம் முன்னோர் காரணத்தோடுதான் எழுதினர்.

ஆகவே, இந்த மினுக்கு மையை வெறுக்கவேண்டியதில்லை. அதன் இடம் அறிந்து பயன்படுத்தினாற் போதும். வாழ்த்து மடலுக்கும், அலங்கார எழுத்துக்கும் அது நல்ல அணி. அகன்ற முனையால் எழுதி, நன்றாக உலரவிட்டு, கைபடாமற் காக்கவேண்டும். சாயம் செறிந்த மை பேனாவிற் காய்ந்து அடைக்குமாதலின், பேனாவை அடிக்கடி நீராற் கழுவுதலும் நன்று. பிள்ளைகளின் கொப்பிக்கோ, மின்னாத பழைய சிவப்பு மையே ஏற்றது.

அந்த மாணவியிடம் நிகழ்ந்ததைச் சொல்லி, பாராட்டை வேறு தாளிலே கறுப்பு மையால் மீண்டும் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை வாசித்துச் சிரித்தாள். கட்டுரையை மறுபடி பிரதி செய்யும் வேலை மட்டும் அவளுக்கு எஞ்சியது. அந்தக் கடன் என்னுடையதே. புட்டி இப்போது என் மேசையின் உள்ளறையில் இருக்கிறது. வாழ்த்து எழுதும் நாளில் மட்டுமே வெளியே வரும்.