மிச்சிகன் விளையாட்டரங்கம்

மிச்சிகன் விளையாட்டரங்கம் ஐக்கிய அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் உள்ளது. மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் சொந்த அரங்கமான இதில் 1,07,601 பேர் அமரலாம். அந்நாட்டின் மிகப் பெரிய விளையாட்டரங்கம் இதுவே. 'பெரிய வீடு' என்னும் பொருளில் இதை 'பிக் ஹவுஸ்' என்பர். இங்கு ஆடப்படுவது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து.

வரலாறு

அரங்கம் 1927-இல் திறக்கப்பட்டது. அப்போதைய விளையாட்டுத் துறை இயக்குநர் ஃபீல்டிங் யோஸ்ட், பிற்காலத்தில் ஒரு இலட்சம் பேருக்கு மேல் அமருமாறு விரிவாக்க ஏற்ற அடித்தளத்தை அன்றே இடச் செய்தார். அந்தத் தொலைநோக்கு வீண்போகவில்லை. 1975 நவம்பர் முதல், பெருந்தொற்றுக் காலமான 2020 நீங்கலாக, இங்கு நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்துள்ளனர். நகரின் மக்கள்தொகையே ஏறத்தாழ 1.2 இலட்சம்தான்!

அமைப்பு

அரங்கின் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே, கிண்ணம்போல் அமைந்துள்ளது. எனவே பார்வையாளர் பலர் மேலே நுழைந்து, படிகளில் கீழிறங்கித் தம் இடத்தை அடைகின்றனர்.

ஆட்டம் காணச் செல்வோர்க்கு

ஆட்டங்கள் பெரும்பாலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை சனிக்கிழமைகளில் நடைபெறும். இரசிகர்கள் முன்னதாகவே வந்து, கார்களின் அருகே சமைத்து, கூடி உண்பது வழக்கம். பெரும்பாலான இருக்கைகள் சாய்மானமற்ற நீண்ட பலகைகள், மேற்கூரையும் இல்லை. ஆதலால் நவம்பரில் செல்வோர் கம்பளி ஆடை அணிந்து செல்வது நல்லது.