வெள்ளம் வடிந்தபின் நிலத்தை அளத்தல்

பங்சாருக்கும் பிரிக்பீல்ட்சுக்கும் அருகே கான்கிரீட் கரைகளுக்குள் அடங்கி ஓடும் கிள்ளான் ஆற்றை நாம் ஆறாகவே எண்ணுவதில்லை. 2021 டிசம்பர் 18ஆம் நாள் பெருமழையில், அதே ஆற்றையொட்டிய ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியது.

இத்தகைய வெள்ளத்துக்குப்பின் கரை எங்கே அரிந்தது, வண்டல் எங்கே படிந்தது என்பதை ஆளில்லா வானூர்தியால் அளக்கலாம். ஒன்றையொன்று பெரிதும் மேவும் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, பார்வைக்கோண வேறுபாட்டால் ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் கணிப்பர். தரையில் துல்லியமாக அளந்து வைத்த குறிப்புள்ளிகளே அக்கணக்கை நிலைநிறுத்துவன. பின்னைய உயரப்படத்திலிருந்து முன்னையதைக் கழித்தால் குறைந்த இடம் அரிப்பு. மிகுந்த இடம் படிவு. பழந்தமிழர் ‘எக்கர்’ என்ற மணற்குவியல் இங்குக் கனமீட்டரில் கிடைக்கிறது!

ஆயினும் ஒவ்வோர் அளவையிலும் 5 செ.மீ. பிழை இருப்பின், கழித்த விடையில் அது ஏறத்தாழ 7 செ.மீ. ஆகும், தெருவில் படிந்த மெல்லிய சேறு கணக்கில் தப்பிவிடும். கலங்கிய நீரின் அடியையும் படம் காணாது. அதற்குப் படகில் ஒலியலைக் கருவி வேண்டும். இவற்றினும் பெருங்குறை, வெள்ளத்துக்கு முந்தைய அளவை இல்லாமையே. அஃதின்றேல் கழிப்பதற்கு ஏதுமில்லை. படுகை எவ்வளவு மேடிட்டது என்றறியாமலே கரையை உயர்த்த நேரும். ஆறு அடங்கியிருக்கும் மாதங்களிலேயே அதனை அளந்துவைக்க வேண்டும் என்கிறோம்.