பாட்டு அதிருது... வசனம் கேட்கலையா?

கம்ப்யூட்டரில் படம் ஓடும்போது பாட்டும் சண்டையும் அதிர, வசனம் மட்டும் முணுமுணுப்பாகக் கேட்கிறதா? புது ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பும் முன் இதைப் பாருங்கள்.

5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். அதன் வயர் பொதுவாக ஆரஞ்சு நிறத் துளையில் இருக்க வேண்டும். பச்சை, முன் ஸ்பீக்கர்களுக்கு. கறுப்பு, பின் ஸ்பீக்கர்களுக்கு. மாற்றிச் செருகினால் வசனம் அமுங்கிவிடும்.

அடுத்து, விண்டோஸின் சவுண்ட் பகுதியில் 'கான்ஃபிகர்' அழுத்தி, ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சோதியுங்கள். இரண்டே ஸ்பீக்கர் இருந்தால், 5.1-ஐ விட்டுவிட்டு 'ஸ்டீரியோ'வைத் தேர்ந்தெடுங்கள். நடு ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய வசனம் இரண்டிலும் வரும்.

வீடியோ காலின்போது மட்டும் மற்ற சத்தம் குறைகிறதா? அங்கேயே 'கம்யூனிகேஷன்ஸ்' பிரிவில் 'டூ நத்திங்' கொடுங்கள்.

காசும் மிச்சம், காது மந்தமான தாத்தாவுக்கும் வசனம் புரியும்!