பழவேற்காட்டுக் கட்டத் துணியும் நைஜீரியாவின் ஊசிக்காரப் பெண்களும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் ஒரு மூலையில் துணி மூட்டை ஒன்று இருக்கும். கிரீஸ் துடைக்க, கை துடைக்க. பனியன் வேஸ்ட், காட்டன் வேஸ்ட் என்று கிலோ கணக்கில் வாங்குவார்கள். வீட்டுப் பழந்துணிக்கும் அதே கதிதான். ஒன்று அடுப்படியில் கரித்துணி, இல்லாவிட்டால் பாத்திரக்காரரிடம் ஒரு மூட்டைக்கு ஒரு டப்பா. நல்ல நூல் புடவையாக இருந்தால் தொட்டில் ஆகும், அவ்வளவுதான். துணி என்பது நெய்து முடித்ததும் உச்சத்துக்குப் போய், அதன்பின் இறங்கிக்கொண்டே வரும் பொருள் என்று நாம் நினைக்கிறோம்.

இதே மாவட்டத்தின் கடற்கரையிலிருந்து போன ஒரு துணி, இதை அப்படியே தலைகீழாக மாற்றிக் காட்டியிருக்கிறது. கொஞ்ச நாளாக அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் குறிப்பு அதன் சுருக்கம்.

எந்தத் துணி?

பழவேற்காட்டை ஆங்கிலத்தில் புலிகாட் என்பார்கள். ஊர்ப் பெயரே துணிப் பெயராகவும் ஆகி, ஆங்கில அகராதியில் கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டைக்குப் புலிகாட் என்ற சொல் ஏறியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் போலி செய்து விற்கும் அளவுக்கு அதற்குக் கிராக்கி. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்த்ரியா கோட்டையை எழுப்பியது 1613இல். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். ஆங்கிலேயர்கள் 1639இல் கொஞ்சம் தெற்கே சென்னையில் இடம் பிடித்தார்கள். இரண்டு பேருக்கும் முக்கியச் சரக்கு துணிதான்.

பின்னாளில் இந்த வகைத் துணிக்கு வியாபாரத்தில் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்று பெயர். 36 அங்குலச் சதுரம். சட்டைப் பையில் வைக்கும் கைக்குட்டை இல்லீங்க, தலையிலும் தோளிலும் இடுப்பிலும் கட்டும் துணி. பல சதுரங்களை ஒரே நீளமாக நெய்து அனுப்புவார்கள். போலிகள் பெருகியதால்தான் பெயரில் 'ரியல்' தேவைப்பட்டது. பிற்காலத்தில் இதே கரையில் வடக்கே, ஆந்திராவின் சீராலா இதன் பெரிய உற்பத்தி இடமானது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்க ஐரோப்பியக் கப்பல்கள் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணி முக்கியமானது. பழவேற்காட்டிலிருந்தே டச்சுக்காரர்கள் அடிமைகளைப் பட்டாவியாவுக்கு ஏற்றிப் போயிருக்கிறார்கள். துணி போன பாதை அழகான பாதை இல்லை.

நெய்ததை வெட்டுவது

நைஜர் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் கலபாரி என்ற மக்கள் இருக்கிறார்கள். தீவுகளில் வாழும் மீனவர்கள், வணிகர்கள். கழிமுகத்துக்கும் ஐரோப்பியக் கப்பல்களுக்கும் நடுவில் தரகர்களாக இருந்தவர்கள். நம்ம கட்டத் துணியை அவர்கள் இஞ்சிரி என்று கூப்பிடுகிறார்கள். பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்கும் அதுதான், இறந்தவரைக் கிடத்துவதற்கும் அதுதான். ஒவ்வொரு குடும்பமும் பெட்டி நிறையப் பழைய துணிகளைச் சேர்த்து வைத்திருக்கும். பெரியவர் ஒருவர் இறந்தால் அந்தத் துணிகளை எடுத்துக் கட்டிலையும் அறையையும் அலங்கரிப்பார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்பது அந்தக் குடும்பத்தின் மதிப்பு.

ஆனால் வந்த துணியை வந்தபடியே அவர்கள் விட்டுவிடவில்லை. பெண்கள் ஊசியால் ஒரு இழையைத் தூக்குவார்கள். பிளேடால் இரண்டு பக்கமும் நறுக்குவார்கள். நடுத்துண்டை உருவி எடுப்பார்கள். பிறகு அடுத்த இழை. பெரும்பாலும் எடுப்பது வெள்ளை, வெளிர் நிற இழைகளை. அவை போன இடத்தில் துணி சல்லடை மாதிரித் திறக்கும். மீதி இருக்கும் அடர்நிற இழைகள் புதுக் கோலமாகத் தெரியும். இதற்குப் பெயர் பெலெட்டே பிட்டே. வெட்டிய துணி என்று அர்த்தம்.

முடித்த துணி மெலிந்து, மிருதுவாகி, சரிகை வலை மாதிரி ஆகிவிடும். எடை குறையும், மதிப்பு கூடும். முழுத் துணியைவிட இழை எடுத்த துணிக்குத்தான் அங்கே மரியாதை.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. தறியில் உட்கார்ந்து ஒருவர் ஒவ்வொரு இழையாகப் போட்டதை, இன்னொருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுப்பதா? நெய்தவருக்கு அவமரியாதை இல்லையா? துணியின் அமைப்பைப் பார்த்தால் விஷயம் வேறு.

கட்டத்தின் கணக்கு

நீளவாட்டில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. சாதா நெசவில் ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று மாறி மாறிப் போகும். நிரல் எழுதுகிறவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: பாவு நிறங்கள் ஒரு வரிசை, ஊடை நிறங்கள் இன்னொரு வரிசை, துணி என்பது இரண்டின் பெருக்கல் அட்டவணை. சிவப்பும் சிவப்பும் சந்தித்தால் கெட்டிச் சிவப்பு. சிவப்பும் வெள்ளையும் சந்தித்தால் இளஞ்சிவப்பு. ஏழெட்டு நூல் நிறத்தில் அத்தனை சாயல் வருவது இதனால்தான்.

இந்த அட்டவணையிலிருந்து சில இழைகளை நீக்கினால் மீதி ஏன் அவிழ்ந்து போவதில்லை? வெட்டுவது சின்னச் சின்ன இடத்தில். சுற்றிலும் பாவும் ஊடையும் முழுசாகப் பின்னிக்கிடக்கும். அந்த இறுக்கமும் உராய்வும்தான் வெட்டிய முனைகளைப் பிடித்து வைக்கிறது. அதனால் இரண்டு நிபந்தனை உண்டு. நூல் நெய்வதற்கு முன்பே சாயம் ஏறியதாக இருக்கணும். மேலே அச்சடித்த கட்டத்தில் நிறத்தைப் பார்த்து இழை எடுக்கவே முடியாது, ஒரே இழையில் நாலு நிறம் இருக்கும். அடுத்தது, நெசவு நெருக்கமாகவும் சீராகவும் இருக்கணும். தொளதொளவென்று நெய்த துணியில் நாலு இழை எடுத்தால் பக்கத்து இழைகள் நகர்ந்து ஓட்டையை மூடிவிடும்.

அதாவது மோசமாக நெய்த துணியில் இந்த வேலை ஓடாது. ஒரு நெசவாளரின் கைவேலையை இழை இழையாகப் படித்துப் பார்த்தவர் யார் என்று கேட்டால், என் பதில் கலபாரிப் பெண்கள்தான். அவர்கள் எடுத்த ஒவ்வொரு இழையும் அந்த நெசவுக்கு வைத்த பரீட்சை, துணியும் அதில் தேறியிருக்கிறது.

டோன்யே எரெகோசிமா, ஜோன் ஐக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981இல் இதைப் பற்றி எழுதினார்கள். எரெகோசிமா கலபாரிக்காரர். வெளியிலிருந்து வரும் பொருள் ஒரு சமூகத்தின் சொந்தப் பொருளாவதற்கு நான்கு படி சொல்கிறார்கள்: தேர்ந்தெடுப்பது, பெயர் வைப்பது, வழக்கத்துக்குள் கொண்டுவருவது, கடைசியில் பொருளையே உருமாற்றுவது. இஞ்சிரி என்ற பெயர் இரண்டாவது படி. பிறப்பு, இறப்புச் சடங்கு மூன்றாவது. பிளேடு நான்காவது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம்

இதே துணி கரீபியன் தீவுகளுக்கும் போனது. அங்கே மார்ட்டினிக், குவாதலூப் பெண்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மஞ்சள் நிறமியைப் பசையில் குழைத்து, தலைத்துணியின் வெளிர் கோடுகள் மேல் கையால் தீட்டினார்கள். இதையே தொழிலாகச் செய்த பெண்கள் இருந்தார்கள். கலபாரிப் பெண்கள் வெளிர் நிறத்தை எடுத்தார்கள், இவர்கள் அதை நிரப்பினார்கள்.

லூசியானாவில் 1786இல் ஸ்பானிய ஆளுநர் மீரோ ஓர் உத்தரவு போட்டார். அடிமை இல்லாத கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் மூடிக் கட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. அவர்களை அடையாளம் போட்டுக் கீழே வைப்பதுதான் நோக்கம். அந்தப் பெண்கள் நல்ல பளிச்சென்ற கட்டத் துணியாகப் பார்த்து, மடிப்பு மடிப்பாக உயர்த்திக் கட்டி, அதையே ஃபேஷன் ஆக்கிவிட்டார்கள். இதில் வெட்டவும் இல்லை, தைக்கவும் இல்லை. கட்டுகிற விதம் மட்டும் மாறியது.

1950களின் இறுதியில் அமெரிக்காவில் சாயம் போகும் மெட்ராஸ் துணியை, சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி விளம்பரம் செய்து விற்ற கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பத்திரிகைகள் அதைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. அது விளம்பரத்தின் சாமர்த்தியம். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது ஊசியும் பிளேடும்.

நீங்களே செய்து பார்க்க

கையில் இருக்கும் பழந்துணி எந்த ஜாதி என்று முதலில் பாருங்கள். ஓரத்தில் ஒரு இழையை இழுத்தால் நேராக உருவிக்கொண்டு வந்தால் அது நெய்த துணி. சுருண்டு வளையமாக அவிழ்ந்தால் பனியன் துணி, பின்னியது. இழையே வரவில்லை, பஞ்சு மாதிரிப் பிய்ந்தால் அது ஃபெல்ட். ஃபெல்ட்டில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. நார்களை ஒன்றோடொன்று சிக்கவைத்து அழுத்தியது. அதனால் எங்கே வெட்டினாலும் பிசிறு வராது, ஓரம் மடித்து அடிக்க வேண்டாம். பொம்மை, பூ, ஒட்டு வேலைக்கு அது சௌகரியம். இழை எடுக்கும் வேலைக்கு ஆகாது.

இழை எடுக்கப் பழைய நூல் கைலிதான் சரி. உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மாதிரி நிறம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அநேகமாகச் சாய நூலில் நெய்தது. நன்றாகத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, வளையத்தில் இறுக்கி மாட்டுங்கள். வெள்ளை இழை ஒன்றை ஊசியால் தூக்கி, ஒரு கட்டத்தின் இரண்டு எல்லையிலும் நறுக்கி, நடுத்துண்டை எடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு திசையிலும் எடுத்துவிடாதீர்கள், வெறும் ஓட்டைதான் மிஞ்சும். நான் ஐந்து சென்டிமீட்டர் சதுரம் முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு முழு உடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

யாருடைய வேலை?

நம் பக்கத்தில் தறியில் உட்கார்ந்தவருக்கு நெசவாளர் என்று பெயர் உண்டு. மாவட்டத்தின் மேற்கே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் அந்தப் பெயரோடு இன்றும் பலர் வாழ்கிறார்கள். ஆனால் கிழிந்த புடவையை உள்பாவாடையாக்கி, பாவாடையைத் தலையணை உறையாக்கி, உறையைக் கைப்பிடித் துணியாக்கிய அம்மாவுக்கும் பாட்டிக்கும் என்ன பெயர்? "வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்றுதானே சொல்லியிருக்கிறோம். அவர்களும் நெய்த துணியைப் படிக்கத் தெரிந்தவர்கள். எந்த இடம் நைந்திருக்கிறது, எது இன்னும் தாங்கும், எந்த ஓரத்தை எங்கே திருப்பினால் இன்னும் இரண்டு வருஷம் வரும் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது.

கலபாரியில் அந்த வேலைக்கு ஒரு பெயர் இருந்தது, அதனால் விலை இருந்தது, பெட்டியில் இடம் இருந்தது. ஆய்வாளர்கள் தேடிப் போனதும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான். நம் வீடுகளில் நடந்த மறுதையலில் எது எதற்கு என்ன பெயர் என்றுகூட யாரும் எழுதி வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒட்டு, இழையோட்டம், கந்தல் தையல் என்று என் காதில் விழுந்ததை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லை, சொன்னபடியே எழுதி வையுங்கள். துணி வேஸ்ட் மூட்டைக்குப் போனாலும் பெயராவது தங்கட்டும்.