வாழப்பாடி மைதானம்: ஆட்டம் முடிந்த பிறகு

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியில், வாழப்பாடி பக்கம் காட்டுவேப்பிலைப்பட்டியில் ஒரு கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் திறந்தார்கள். 2022-ல் டி.என்.பி.எல் ஆட்டங்கள் அங்கே வந்தன. "பெரிய மேட்ச் வந்தா ஊரு வளரும்" என்பது எங்க பக்கத்துப் பேச்சு. வளருமா?

முதலில் வேலை. ஆட்ட நாட்களில் வண்டி நிறுத்தம், சமையல், காவல், வாடகை கார் என்று பலருக்குக் கூலி கிடைக்கும். ஆனா சில நாளில் போட்டி அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடும். பெரிய ஓட்டல்கள் இருப்பது சேலத்தில். அறை வாடகையும் அங்கேதான் சேரும். வருஷம் முழுக்க நிற்கும் வேலை என்றால் பிட்ச், புல், தண்ணீர் பராமரிப்புதான். அதுக்கு நிறைய ஆள் வேண்டாம்.

அடுத்தது கட்டுமானம். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகச் சென்னை வேளச்சேரியில் நீச்சல் வளாகம் கட்டினார்கள். போட்டி பத்து நாளில் முடிந்தது, குளம் நின்றது. பக்கத்திலேயே நீந்தப் பிள்ளைகள் இருந்ததால் அதற்குப் பயன் இருந்தது.

நம்ம மாவட்டத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. சின்னப்பம்பட்டியில் நடராஜன் 2023-ல் திறந்த மைதானம். பெரிய போட்டிக்காகக் கட்டியதல்ல, கிராமத்துப் பையன்களுக்காகக் கட்டியது.

அதனால் நான் கூட்டத்தை எண்ணுவதில்லை. மேட்ச் இல்லாத நாளில் எத்தனை பிள்ளைகள் உள்ளே ஆடுகிறார்கள், அவர்கள் வீடு திரும்ப பஸ் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். கணக்கு அங்கேதான் தெரியும்.