உள்நோயாளி மருத்துவரும் ஓயாத கல்வியும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டி நிறைவுறுகிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. அதை வாசிக்கையில், நோயாளியும் மருத்துவரும் பேணுபவரும் ஒருவரையொருவர் நன்கறிந்தவர்களாகவும், நோய் தீரும்வரை பிரியாதிருப்பவர்களாகவும் நம் மனத்தில் தோன்றுகின்றனர். இன்றைய பெரிய மருத்துவமனையின் நிலை அதுவன்று. காலை எட்டு மணிக்குக் கட்டிலருகே நிற்கும் மருத்துவர் இரவு பத்து மணிக்கு அங்கு இருப்பதில்லை. தாதியர் ஒரு நாளில் இருமுறை, மும்முறை மாறுகின்றனர். ஐந்து நாள் தங்கிச் செல்லும் நோயாளியின் உடலைப் பற்றிய அறிவு பலர் கைமாறிச் செல்கிறது. இவ்வாறு கைமாறிச் செல்லும் அறிவைக் காப்பவராக ஒருவர் வேண்டும் என்ற தேவையிலிருந்தே மருத்துவத்தில் ஒரு புதிய பிரிவு பிறந்தது. அப்பிரிவினர் எவ்வாறு தொடர்ந்து கற்கின்றனர் என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். மொழிக்கழகத்தின் உரைவரிசையில் மருத்துவத்துக்கு என்ன இடம் என்று வினவுவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

1996ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான ராபர்ட் வாக்டர், லீ கோல்ட்மன் ஆகிய இருவரும் ஒரு மருத்துவ இதழில் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். வெளியே மருந்தகம் நடத்தும் குடும்ப மருத்துவரே மருத்துவமனைக்கும் வந்து தம் நோயாளியைப் பார்த்துச் செல்லும் வழக்கம் அந்நாட்டில் நெடுங்காலமாக இருந்தது. அவ்வழக்கம் தேய்ந்து வருகிறது, மருத்துவமனைக்குள்ளேயே முழுநேரமும் பணியாற்றும் பொதுமருத்துவர் ஒருவர் உருவாகி வருகிறார் என்று அவர்கள் எழுதினர். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல்லையும் சூட்டினர். இருபதே ஆண்டுகளில் அங்கு அத்தகையோர் 50,000 பேருக்கு மேல் பெருகினர். தமிழில் 'உள்நோயாளி', 'புறநோயாளி' என்னும் சொற்கள் முன்பே நிலைபெற்றிருப்பதால், 'உள்நோயாளி மருத்துவர்' என்று அவரை அழைப்பதில் இடர்ப்பாடு ஒன்றுமில்லை.

இனி நம் வினாவுக்கு வருவோம். ஒரு மருத்துவர் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய பின், பணியாற்றப் பணியாற்ற அறிவு தானே வளர்ந்துவிடாதா? நரைத்த தலைமுடியைக் கண்டால் நமக்கு நம்பிக்கை பிறக்கிறதல்லவா? இந்நம்பிக்கையைச் சோதித்த ஆய்வுகள் சற்று அதிர்ச்சி தருவன. 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மருத்துவரின் பணியாண்டுகளையும் பணித்தரத்தையும் ஒப்பிட்ட 62 மதிப்பீடுகளை ஒருங்கே வைத்து நோக்கியது. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை, அளந்த எல்லாக் கூறுகளிலும், ஆண்டுகள் கூடக் கூடத் தரம் குறைவதையே காட்டின. 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, உள்நோயாளி மருத்துவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த நோயாளிகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளை அது ஆராய்ந்தது. நோயாளிகளின் நிலையில் உள்ள வேறுபாடுகளை ஈடுசெய்து கணக்கிட்டபோது, 40 வயதுக்குக் குறைந்த மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றோருள் 30 நாள்களுக்குள் இறந்தோர் 10.8 விழுக்காடு; 60 வயதைக் கடந்த மருத்துவர்களிடம் அது 12.1 விழுக்காடு.

இவ்வெண்களைக் கொண்டு மூத்த மருத்துவர்களைப் பழிப்பது பிழையாகும். அதே ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. மிகுதியான நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவர்களிடம் வயதுக்கும் இறப்புக்கும் எத்தொடர்பும் காணப்படவில்லை. அவர்கள் முதியவராயினும் இளையவராயினும் விளைவு ஒன்றே. இவ்வாய்வு காரணத்தை நிறுவவில்லை. தொடர்பை மட்டுமே காட்டியது. ஆயினும் முதுமை தன்னளவில் குற்றவாளியன்று என்று கொள்ள அது இடந்தருகிறது. பழகுதல் குறையும்போதும், பழைய பாடம் புதுப்பிக்கப்படாதபோதும் அறிவு துருப்பிடிக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

பழைய பாடம் எவ்வாறு பொய்யாகிறது என்பதற்கு இரத்தம் ஏற்றுதல் தக்க சான்று. இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு 10 கிராமுக்குக் கீழே இறங்கினால் இரத்தம் ஏற்றிவிட வேண்டும் என்பது பல தலைமுறை மருத்துவர்கள் மாணவப் பருவத்தில் கற்ற விதி. 1999இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 838 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குப் பழைய விதிப்படியும், மற்றப் பிரிவினருக்கு அளவு 7 கிராமுக்குக் கீழே இறங்கிய பின்னருமே இரத்தம் ஏற்றினர். குறைவாக ஏற்றப்பட்டோர் மற்றவர்க்குப் பின்தங்கவில்லை. நோய்க்கடுமை குறைந்திருந்தோரிடையே அவர்களில் இறந்தோர் தொகையும் குறைவு. நல்லதென்று எண்ணிச் செய்த ஒன்று எல்லார்க்கும் நல்லதன்று என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. மாரடைப்புக்கு உள்ளானோர்க்கு எந்த அளவு ஏற்றது என்னும் விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆகவே 1985இல் பட்டம் பெற்ற ஒருவர் தம் பாடநூலை மாசற நினைவில் வைத்திருந்தாலும், அந்நினைவே நோயாளிக்குத் தீங்காகக் கூடும்.

சில சமயம் மாற்றம் பதினைந்து ஆண்டுகளில் நிகழ்வதில்லை. ஒரே மாதத்தில் நிகழ்ந்துவிடுகிறது. கோவிட் தொற்றின்போது டெக்சாமெத்தசோன் என்னும் பழைய, விலை மலிந்த மருந்து, செயற்கை மூச்சுக்கருவியில் இருந்த நோயாளிகளிடையே இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020 ஜூன் மாதத்தில் பிரிட்டனில் நடந்த ஆய்வு அறிவித்தது. பிராணவாயுவே தேவைப்படாத நோயாளிகளுக்கு அம்மருந்தால் பயன் இல்லை என்பதையும் அதே ஆய்வு கூறிற்று. யாருக்குக் கொடுப்பது, யாருக்குத் தவிர்ப்பது என்பதை வார்டில் நின்ற மருத்துவர்கள் நாள்கணக்கில் கற்றாக வேண்டியிருந்தது.

இத்தகைய கல்வியை அரசுகள் சட்டமாக்கியுள்ளன. சிங்கப்பூரில் மருத்துவர்களுக்கான தொடர்கல்வி 2003 முதல் கட்டாயம். மலேசியாவில் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் திருத்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தபின், ஆண்டுதோறும் பெறும் பணிச்சான்றிதழோடு தொடர்கல்விப் புள்ளிகளும் பிணைக்கப்பட்டன. கருத்தரங்குக்குச் சென்றால் புள்ளி. உரை நிகழ்த்தினால் புள்ளி. கட்டுரை படித்து வினாக்களுக்கு விடையளித்தால் புள்ளி. ஆசிரியப் பெருமக்களுக்கு இது புதிய செய்தியன்று. பயிற்சிப் பட்டறையின் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுவிட்டு, இரண்டாம் அமர்வில் கடைசி வரிசை நாற்காலியில் கண்ணயர்ந்த அனுபவம் நம்மில் எவருக்குத்தான் இல்லை?

புள்ளிகள் வேண்டா என்று நாம் சொல்லவில்லை. அவை இல்லாவிடில் வராதவர் வராமலே இருந்துவிடுவர். ஆனால் வந்து அமர்ந்தவர் கற்றாரா என்பது வேறு வினா. 1999இல் கனடாவின் டேவிட் டேவிஸ் குழுவினர், முறையான தொடர்கல்வி நிகழ்ச்சிகள் மருத்துவரின் செயலை மாற்றுகின்றனவா என்று ஆராய்ந்த சோதனைகளைத் தொகுத்து வெளியிட்டனர். ஒருவர் பேசப் பலர் கேட்கும் விரிவுரையால் மட்டும் வார்டில் மருத்துவரின் நடைமுறை மாறியதாக அவர்கள் காணவில்லை. கலந்துரையாடலும், செய்து பார்த்தலும், கற்றதைப் பணியில் பயன்படுத்தி மீண்டும் கூடிப் பேசுதலும் சேர்ந்த இடங்களில் மாற்றம் தென்பட்டது. உரைவரிசை நூலொன்றில் இதை எழுதுவதன் முரண் எமக்குப் புலப்படாமல் இல்லை.

எனவே உள்நோயாளி மருத்துவரின் உண்மையான பள்ளி எது என்று தேடினால், அவர் பணியாற்றும் வார்டுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அங்கே இரண்டு பாடங்கள் நடைபெறுகின்றன. முதலாவது, தவற்றிலிருந்து கற்றல்.

பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, சிகிச்சைக்குப் பின் நெடுநாள் அவரைத் தொடர்ந்து கவனித்து, இறுதியில் அவர் நலமடைந்தாரா, இல்லையெனில் ஏன் என்று குறித்துவைக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய முறை. கேட்பதற்கு எளியது, உடன்பணியாற்றியோர் அதை விரும்பவில்லை. மூப்பின் அடிப்படையிலன்றி விளைவின் அடிப்படையில் பதவி உயர்வு தரவேண்டும் என்று கூறி, தாம் பணியாற்றிய பெரிய மருத்துவமனையிலிருந்து 1914இல் அவர் விலகினார். தாம் நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 நோயாளிகளின் விவரங்களை அச்சிட்டு வெளியிட்டார். அவற்றுள் 123 தவறுகளைத் தாமே அடையாளங்கண்டு, இது அறிவுக் குறையால் நேர்ந்தது, இது தீர்மானப் பிழையால் நேர்ந்தது என்று வகைப்படுத்தியும் காட்டினார். தம் தவறுகளைத் தாமே நூலாக்கி ஊரறியத் தந்த மருத்துவர் அக்காலத்தில் வேறொருவர் இருந்தாரா என்பது ஐயமே. அவர் 1940இல் மறைந்தார். அவர் கல்லறைக்கு 2014 வரை பெயர்க்கல்கூட இல்லை.

இன்று பயிற்சி மருத்துவமனைகளில், இறந்த நோயாளியின் கதையையும் இறவாமல் இடருற்ற நோயாளியின் கதையையும் நடுவில் வைத்து மருத்துவர்கள் கூடிப் பேசும் கூட்டங்கள் வழக்கமாகிவிட்டன. அவை நன்றாக நடப்பதும் உண்டு; குற்றவாளியைத் தேடும் மன்றமாக மாறிவிடுவதும் உண்டு. பின்னதில் எவரும் வாய் திறவார். 'யார் செய்தார்' என்று தொடங்காமல், 'அந்த இரவில் அந்த மருத்துவருக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாதிருந்தது' என்று தொடங்கும் கூட்டத்திலேயே இளம் மருத்துவர் தம் பிழையை ஒப்புக்கொள்ளத் துணிகிறார். வகுப்பில் பிழையான விடை சொன்ன மாணவரை நாம் நடத்தும் முறையோடு இதை ஒப்புநோக்கலாம்.

இரண்டாவது பாடம் ஒப்படைத்தல். காலை மருத்துவர் மாலை மருத்துவரிடம் தம் நோயாளிகளை ஒப்படைக்கும் அந்தச் சிறு பொழுதே மருத்துவமனையில் செய்தி சிதறும் இடம். இது முற்றும் மொழிச் செயல். இங்கே கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. சொல்பவரும் கேட்பவருமே உள்ளனர். அமெரிக்காவில் 9 குழந்தை மருத்துவப் பயிற்சி மருத்துவமனைகளில் இதற்கென ஒரு முறையை வகுத்துக் கற்பித்து, அதன் விளைவை 2014இல் வெளியிட்டனர். நோய் எவ்வளவு கடுமையானது, நோயாளியின் கதை என்ன, இன்னும் செய்ய வேண்டியவை எவை, இரவில் என்ன நேரலாம், நேர்ந்தால் என்ன செய்வது என்பவற்றை இவ்வரிசையிலேயே சொல்ல வேண்டும். இறுதியில், கேட்டவர் தாம் விளங்கிக்கொண்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். 10,740 நோயாளிச் சேர்க்கைகளை ஆராய்ந்ததில், மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடும், தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் 30 விழுக்காடும் குறைந்திருந்தன. இதற்குக் கூடுதல் நேரமும் தேவைப்படவில்லை. ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடமே.

இம்முறையைப் பட்டறையில் ஒருமுறை விளக்கியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நடித்துப் பார்க்கச் செய்தனர். பின்னர் மூத்த மருத்துவர்கள் உண்மையான ஒப்படைப்புகளின்போது அருகில் நின்று கவனித்துத் திருத்தினர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளையிடம் பாடத்தைத் திருப்பிச் சொல்லிய நம் முன்னோர்க்கு இதில் வியப்பேதும் இருந்திராது.

ஒப்படைப்புக்கு முன்பே, நோயாளி மருத்துவரிடம் தம்மை ஒப்படைக்கும் ஒரு பொழுதும் உண்டு. நம் இரு நாடுகளிலும் மருத்துவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பயின்றவர்கள். கட்டிலில் கிடப்பவரோ தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டியாக இருக்கலாம். நெஞ்சில் 'வாயு' என்று அவர் சொன்னால் அது செரிமானக் கோளாறாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். மலாய்க்காரர்கள் 'ஆங்கின்' என்று சொல்வதும் இத்தகையதே.

எங்கள் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனையில் இருந்தபோது, "மயக்கமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உணர்வு மங்குகிறது என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று. அதற்குரிய சோதனைகள் இரண்டு நாள் நடந்தன, ஒன்றிலும் குறையில்லை. மூன்றாம் நாள் காலை, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் நிமிர்ந்து, "படுத்திருந்தாலும் மயக்கமா, எந்திரிச்சா மட்டுமாம்மா?" என்று கேட்டார். எழுந்தால் மட்டுமே என்றார் பெரியம்மா. தலை கிறுகிறுக்கிறது என்றும் சொன்னார். அருகில் நின்ற தமிழறியாத இளம் மருத்துவர் அப்பெண்மணியிடம் பொருள் கேட்டறிந்தார். பெரியம்மாவைப் படுக்கவைத்து ஒருமுறையும், நிற்கவைத்து ஒருமுறையும் இரத்த அழுத்தத்தை அளந்தார். நின்றபோது அது வெகுவாகத் தாழ்ந்தது. அன்றே இரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்று குறைக்கப்பட்டது. போகுமுன் அம்மருத்துவர் சட்டைப் பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து, 'மயக்கம்', 'கிறுகிறுப்பு' என்னும் இரு சொற்களையும் ரோமன் எழுத்தில் எழுதிக்கொண்டு, இரண்டாவது சொல்லை எப்படி உச்சரிப்பது என்று பெரியம்மாவிடமே கேட்டார். மூன்றாம் முறை சரியாக வந்தது.